சமுதாயக் கல்லூரியும் உள்ளூர் வேலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது கம்யூனிட்டி காலேஜ் என்று யாராவது சொன்னால், பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடும். அப்புறம் தனியாக வந்து கேட்பார்கள். நான் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பக்கத்துச் சமுதாயக் கல்லூரி எதைக் கற்பிக்கலாம் என்று உள்ளூர் நிறுவனங்களிடம் கருத்துக் கேட்க வைத்திருக்கும் ஆலோசனைக் குழுவில் தொழில் தரப்பு உறுப்பினராகவும் இருக்கிறேன். அதனால் இந்தத் தனிக் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ்னா என்ன? வேற எங்கயும் சீட் கிடைக்காதவங்க போற இடம்தானே?

அரசுப் பணத்தில் நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. முடித்தால் அசோசியேட் டிகிரி கிடைக்கும். அதை வைத்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். இல்லையென்றால் சில வாரங்களிலோ ஒரு வருடத்திலோ முடியும் சான்றிதழ் படிப்பு ஒன்றைப் படித்துவிட்டு நேராக வேலைக்குப் போகலாம். நாடு முழுக்க இப்படி ஏறக்குறைய ஆயிரம் கல்லூரிகள் இருக்கின்றன.

முதலாவது 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் உயர்நிலைப் பள்ளியின் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரௌனும் சேர்ந்து, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடத்தை உள்ளூரிலேயே நடத்திப் பார்த்தார்கள். ஊருக்கு வேண்டிய வேலைப் பயிற்சியும் தரவேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் வலுப்பட்டது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் தந்த அறிக்கையில் இந்தக் கல்லூரிகளை நாடெங்கும் பெருக்கச் சொன்னது. 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவலானதும் அந்த அறிக்கைக்குப் பிறகுதான்.

சீட் விஷயத்துக்கு வருவோம். பொதுவாக, பள்ளி முடித்த எவரையும் சேர்த்துக்கொள்வது இவர்கள் கொள்கை. ஆனால் நர்சிங், எக்ஸ்ரே டெக்னீஷியன், பல் சுகாதாரம் போன்ற படிப்புகளில் இடம் கிடைப்பது பல ஊர்களில் கடினம். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

நம்ம ஊர் பாலிடெக்னிக், ஐடிஐ மாதிரின்னு வெச்சுக்கலாமா?

பாதி அப்படி. வெல்டிங், ஏசி மெக்கானிக், மோட்டார் வாகனப் பிரிவுகளைப் பார்த்தால் ஐடிஐ நினைவுக்கு வரும். ஆனால் அதே கட்டடத்தில் வரலாறும் கால்குலஸும் நடக்கும். பதினெட்டு வயதுப் பையனுக்குப் பக்கத்தில் வேலை போன நாற்பத்தைந்து வயதுக்காரர் உட்கார்ந்திருப்பார்.

பெரிய வித்தியாசம் பாடத்திட்டத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான். பாலிடெக்னிக்கில் பாடத்திட்டமும் தேர்வும் பெரும்பாலும் தலைநகரிலிருந்து வரும். இங்கே ஒரு புதிய படிப்பு வேண்டும் என்று தீர்மானிப்பது முதலில் அந்தக் கல்லூரிதான். மாநில ஒப்புதல் பிறகு. கலிஃபோர்னியா, டெக்சஸ், இல்லினாய் போன்ற மாநிலங்களில் கல்லூரியின் நிர்வாகக் குழுவையே உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேறு சில மாநிலங்களில் ஆளுநர் நியமிப்பார். எப்படியானாலும், ஊரில் ஆள் தேவைப்பட்டும் கல்லூரி கண்டுகொள்ளாமல் இருந்தால் பதில் சொல்லவேண்டியவர் ஊருக்குள்ளேயே இருக்கிறார்.

காலேஜோட தலைவர்னா பிரின்சிபாலா? அவருக்கும் வேலைவாய்ப்புக்கும் என்ன சம்பந்தம்?

பிரசிடெண்ட் என்பார்கள், சில இடங்களில் சான்சலர். நிர்வாகக் குழு அவரை நியமிக்கும், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடும். பாடம், தேர்வு, ஒழுங்கு இவற்றையெல்லாம் டீன்கள் பார்த்துக்கொள்வார்கள். பிரசிடெண்டின் நேரத்தில் பெரும்பகுதி வளாகத்துக்கு வெளியே போகும்: மருத்துவமனை நிர்வாகி, தொழிற்சாலை மேலாளர், பள்ளிக் கண்காணிப்பாளர், மாநிலச் சட்டமன்றத்தின் நிதிக் குழு.

நல்ல தலைவரை அடையாளம் காண எனக்கு ஒரு வழி உண்டு. கூட்டத்தில் அவர் எவ்வளவு பேசுகிறார் என்று பார்ப்பேன். கல்லூரியின் பெருமையை ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டுபவரிடமிருந்து பெரிதாக எதுவும் நடக்காது. "போன வருஷம் எங்களிடமிருந்து எடுத்த ஆட்களில் யார் நின்றார்கள், யார் போனார்கள், ஏன்?" என்று கேட்டுவிட்டுக் குறிப்பெடுப்பவர் வேறு ரகம்.

ஊருக்கு எந்த வேலைக்கு ஆள் வேணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? விளம்பரத்தைப் பார்த்தா?

விளம்பரத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போவார்கள். ஒரு நிறுவனம் வருடம் முழுக்க ஒரே வேலைக்கு விளம்பரம் கொடுக்கிறது என்றால், ஊரில் அந்தத் திறமைக்குப் பஞ்சம் என்று அர்த்தமாக இருக்கலாம். சம்பளம் போதாமல் ஆட்கள் வந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் அர்த்தமாக இருக்கலாம். இரண்டாவது நோய்க்குப் படிப்பு மருந்தாகாது. இன்னும் அறுபது பேரைப் பயிற்றுவித்து அனுப்பினால் அவர்களும் ஓடுவார்கள். இதை நிறுவனத்திடம் முகத்துக்கு நேரே சொல்லும் தலைவர்கள் குறைவு. சொல்பவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை.

முறையான வழிகளும் இருக்கின்றன. மத்திய தொழிலாளர் புள்ளிவிவரத் துறையும் மாநிலத் தொழிலாளர் துறைகளும் எந்த வேலையில் எத்தனை பேர், என்ன சம்பளம், வரும் ஆண்டுகளில் கூடுமா குறையுமா என்ற கணிப்புகளை வெளியிடுகின்றன. தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் தரும் பெர்கின்ஸ் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது, பணம் வாங்கும் கல்லூரி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது உள்ளூர்த் தேவையை ஆராய்ந்து எழுதிக் கொடுக்கவேண்டும் என்று விதித்தார்கள். சிலர் அதை உருப்படியாகச் செய்கிறார்கள். சிலர் பழைய அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது டேக்கம் என்ற முறை. 1960களில் கனடாவில் உருவானது. ஒரு வேலையை நன்றாகச் செய்யும் ஏழெட்டுத் தொழிலாளர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, ஒன்றிரண்டு நாள் அவர்கள் வாயாலேயே தங்கள் வேலையைப் பிட்டுப் பிட்டு வைக்கச் சொல்வார்கள். மேலாளர்களுக்கு அங்கே பேச அனுமதி இல்லை. கடைசியில் சுவர் முழுக்க அட்டைகள் இருக்கும். பாடத்திட்டம் அதிலிருந்து பிறக்கும். மேலாளர் எழுதும் வேலை விவரத்துக்கும் அந்தச் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்பதை நேரில் பார்த்தால்தான் புரியும்.

ஆலோசனைக் குழு ஆலோசனைக் குழுன்னு சொல்றீங்க. டோனட் சாப்பிட்டுக் கலையற கூட்டம்தானே அது?

பல இடங்களில் அதேதான். வருடத்துக்கு இரண்டு முறை கூடுவார்கள், "பாடத்திட்டம் நன்றாக இருக்கிறது" என்று தீர்மானம் போடுவார்கள், போய்விடுவார்கள்.

உருப்படியாக நடக்கும் கூட்டத்தில் இரண்டு விஷயங்கள் வேறாக இருக்கும். ஒன்று, வந்திருப்பவர்கள். மனிதவளத் துறைக்காரரை அனுப்பினால் "நல்ல தகவல் தொடர்புத் திறன் வேண்டும்" என்பார். ஷிஃப்ட் சூப்பர்வைசர் வந்தால் "வெல்டிங் போடுகிறான், ஆனால் வரைபடத்தைப் படிக்கத் தெரியவில்லை, அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கைச் சொன்னால் முழிக்கிறான்" என்பார். இதை வைத்து அடுத்த பருவத்திலேயே பாடத்தை மாற்றலாம். முன்னதை வைத்து என்ன செய்வது?

இன்னொன்று, நிறுவனத்திடம் பதிலுக்குக் கேட்பது. எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைப்பீர்கள்? தொடக்கச் சம்பளம் என்ன? படிக்கும்போதே பகுதி நேர வேலை தருவீர்களா? உங்கள் ஆள் ஒருவரை மாலை வகுப்பு எடுக்க அனுப்புவீர்களா? இந்தக் கேள்விகள் வந்ததும் அறையில் பாதிப் பேர் செல்போனைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் காரியம் நடக்கவேண்டும்.

உருப்படியா நடந்த உதாரணம் ஒண்ணாவது சொல்லுங்க.

வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் வாலா வாலா என்ற சின்ன நகரம். கோதுமையும் உணவு பதனிடுதலும்தான் பழைய பிழைப்பு. அங்கே திராட்சைத் தோட்டங்கள் மெதுவாகத் தலைதூக்கியபோது, உள்ளூர் சமுதாயக் கல்லூரி 2000ஆம் ஆண்டு வாக்கில் திராட்சை வளர்ப்பு, ஒயின் தயாரிப்புப் படிப்பைத் தொடங்கியது. கல்லூரியே ஓர் ஒயின் ஆலையை வைத்திருக்கிறது. மாணவர்கள் தயாரிப்பது விற்பனைக்குப் போகிறது. இன்று அந்த வட்டாரம் ஒயினுக்குப் பெயர் பெற்றது. சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசை 2013இல் இந்தக் கல்லூரி, சாண்டா பார்பரா நகரக் கல்லூரியுடன் பகிர்ந்துகொண்டது. இதில் கவனிக்கவேண்டியது நேரம். தொழில் முழுதாக வளர்ந்து "ஆள் கொடுங்கள்" என்று கேட்கும்வரை காத்திருக்கவில்லை. அது துணிச்சலான பந்தயம். தோற்றிருக்கவும் வாய்ப்பு இருந்தது.

இன்னொரு வகை தென் கரோலினா. துணி ஆலைகளை நம்பியிருந்த மாநிலம் அது. 1961இல் ஆளுநர் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் காலத்தில் தொழில்நுட்பக் கல்லூரிகளின் அமைப்பைத் தொடங்கினார்கள். புதிதாக ஆலை வைக்க வருபவருக்கு அரசு செலவில் ஆட்களைத் தயார் செய்து தருவது அதன் வேலைகளில் ஒன்று. 1992இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஸ்பார்டன்பர்க் அருகே ஆலை அமைக்கப்போவதாக அறிவித்தது, 1994இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்த பயிற்சி அமைப்பு அந்தப் பேரத்தில் மாநிலத்தின் கையில் இருந்த நல்ல சீட்டுகளில் ஒன்று.

கென்டக்கியில் டொயோட்டாவும் புளூகிராஸ் கல்லூரியும் சேர்ந்து தொடங்கியது மூன்றாவது வகை: வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் ஆலையில் சம்பளத்தோடு வேலை. ஃபேம் என்ற பெயரில் இப்போது பல மாநிலங்களில் நடக்கிறது. என்னைக் கேட்டால், குடும்பத்தைத் தாங்கவேண்டிய மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

கம்பெனி கேட்டதையெல்லாம் சொல்லிக்கொடுத்தா, காலேஜ் கம்பெனியோட டிரெயினிங் சென்டர் ஆயிடாதா? மக்கள் வரிப்பணம்தானே?

என்னிடம் வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான். ஆகிவிடக்கூடும். சில இடங்களில் ஆகியும் இருக்கிறது.

கல்லூரிகள் இரண்டு கணக்கு வைத்துக்கொள்கின்றன. ஒன்று ஒப்பந்தப் பயிற்சி. நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் தன் இயந்திரத்தில் பயிற்சி கேட்கும், அதற்கான பணத்தை நிறுவனமே கட்டும் அல்லது அரசுத் திட்டம் ஒன்று கட்டும். அயோவா மாநிலத்தில் 1983 முதல் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு: சமுதாயக் கல்லூரி கடன் பத்திரம் வெளியிட்டுப் புதிய வேலைகளுக்குப் பயிற்சி தரும், அந்தப் புதிய ஊழியர்களின் சம்பளத்தில் பிடிக்கும் மாநில வரியில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டுக் கடனை அடைப்பார்கள். இன்னொன்று, மாணவர் தன் பணத்தில் அல்லது உதவித்தொகையில் படிக்கும் வழக்கமான படிப்பு. முதல் கணக்கில் நிறுவனம் கேட்டதைக் கொடுக்கலாம். இரண்டாவதில் கல்லூரி மாணவர் பக்கம்தான் நிற்கவேண்டும். இரண்டையும் குழப்பும்போதுதான் சிக்கல்.

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போட்டி நிறுவனத்துக்குப் போனால் மதிப்பார்களா? நர்சிங் உரிமத் தேர்வு, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் சான்று, கம்ப்டியாவின் கணினிச் சான்றுகள் எங்கே போனாலும் செல்லும். ஒரே நிறுவனத்தின் சாஃப்ட்வேரை மட்டும் கற்றவன் ஒரே பூட்டுக்குச் செய்த சாவியை வைத்திருக்கிறான். சில நிறுவனங்களுக்கு அதுதான் வேண்டும், ஆள் வேறெங்கும் போகமுடியாது. முதலாளி தரப்பில் உட்கார்ந்துகொண்டே இதைச் சொல்கிறேன்: அந்த இடத்தில் மறுப்பதற்குத்தான் தலைவருக்குச் சம்பளம்.

சரி, அந்தக் கம்பெனியே மூடிட்டா?

மேலே சொன்ன சோதனையில் தேறிய படிப்பு என்றால் மாணவர் அடிபட்டாலும் எழுந்துவிடலாம். ஆனால் ஊரே ஒரு ஆலையை நம்பியிருந்தால் படிப்பு மட்டும் காப்பாற்றாது.

விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் இதற்குச் சாட்சி. 2008 டிசம்பரில் அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் கார் உற்பத்தி நின்றது. வேலை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் பக்கத்து பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்தார்கள். பலருக்குக் கணினியை இயக்கவே புதிதாகக் கற்கவேண்டியிருந்தது, கல்லூரியும் முடிந்ததைச் செய்தது. பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, மறுபயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நல்ல நிலையில் இல்லை. வட்டாரத்தில் வேலையே இல்லாதபோது பயிற்சியால் வேலையை உண்டாக்க முடியாது. வேலைவாய்ப்புக் கல்வியைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் இந்த ஊர் பெயரைச் சொல்வதில்லை.

இதுக்கெல்லாம் யார் பணம் குடுக்கிறாங்க? ஃபீஸ் எவ்வளவு?

மாநில அரசு, பல மாநிலங்களில் உள்ளூர் சொத்து வரி, மாணவர் கட்டணம், வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை, பெர்கின்ஸ் நிதி, வேலை தேடுவோருக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சிப் பணம், எல்லாம் கலந்த அவியல். உள்ளூர் மாணவருக்குக் கல்விக் கட்டணம் நாட்டுச் சராசரியாக ஆண்டுக்கு 4,000 டாலர் அளவில் இருக்கிறது. டென்னசி போன்ற மாநிலங்களில் பள்ளி முடித்து நேராக வருபவர்களுக்கு அதையும் அரசே ஏற்கிறது.

பணம் எதற்காக வருகிறது என்பது முக்கியம். காலங்காலமாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை வைத்துத்தான் நிதி கணக்கிடப்பட்டது. அதனால் சேர்ப்பதில் காட்டிய அக்கறையைப் பல கல்லூரிகள் முடிக்கவைப்பதில் காட்டவில்லை. டெக்சஸ் 2023இல் சட்டம் கொண்டுவந்து, மதிப்புள்ள சான்றிதழோடு எத்தனை பேர் வெளியே வந்தார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள் என்பவற்றை வைத்தே மாநில நிதியின் பெரும்பகுதியைக் கொடுக்கத் தொடங்கியது. மற்ற மாநிலங்கள் கவனித்துக்கொண்டிருக்கின்றன.

கம்பெனிகள் மெஷினெல்லாம் இலவசமா குடுக்கிறாங்களாமே?

கொடுக்கிறார்கள், சில சமயம் குப்பையில் போடவேண்டியதை. வாங்குவதற்கு முன் கேட்கவேண்டியது: உதிரிபாகம் கிடைக்குமா, பழுதானால் யார் வருவார்கள், இதே வகை இன்னும் தொழிற்சாலைகளில் ஓடுகிறதா? ரிப்பன் வெட்டும் புகைப்படத்துக்காக வாங்கி வைத்து, மின் இணைப்பே கொடுக்காமல் கிடக்கும் இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லிக்கொடுக்க ஆள் எங்கிருந்து வருவாங்க?

பல திட்டங்கள் கவிழ்வது இங்கேதான். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் வெளியே சம்பாதிப்பதில் ஒரு பகுதிதான் கல்லூரியால் தரமுடியும். நர்சிங்கில் இன்னும் மோசம். வகுப்பெடுக்கப் பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள், அதே பட்டத்தோடு மருத்துவமனையில் அதிகம் கிடைக்கும். "நர்ஸ் பற்றாக்குறை, ஏன் கல்லூரி சீட்டைக் கூட்டவில்லை" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பாதி விடை. மீதிப் பாதி, பயிற்சிக்கு மருத்துவமனைகளில் போதிய இடம் இல்லாதது.

கெட்டிக்காரத் தலைவர்கள் இதை நிறுவனங்களின் தலையிலேயே கட்டுகிறார்கள். மருத்துவமனை தன் நர்ஸ் ஒருவரைச் சம்பளத்தோடு வாரத்தில் இரண்டு நாள் கற்பிக்க அனுப்பும். ஓய்வு பெறும் டூல் மேக்கரை மாலை வகுப்புக்கு இழுப்பார்கள். ஆனால் நன்றாக வேலை செய்பவர் எல்லோருக்கும் கற்பிக்க வராது. முதல் பருவத்தில் அவருக்குத் துணையாக அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரைப் போடாவிட்டால் மாணவர்கள் பாதியில் ஓடிவிடுவார்கள்.

ஒரு புது கோர்ஸ் ஆரம்பிக்க ஏன் இவ்வளவு நாள் ஆகுது? எங்களுக்கு ஆள் இப்பவே வேணுமே!

ஆசிரியர்களின் பாடத்திட்டக் குழு, நிர்வாகக் குழு, மாநிலம், தரச் சான்று அமைப்பு என்று படிகள் இருக்கின்றன. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படிகள் இருப்பதால்தான் அந்தப் படிப்பின் கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகுகளை, பல்கலைக்கழகம் ஏற்கிறது.

அவசரத்துக்கு ஒரு வழி, கிரெடிட் இல்லாத குறுகிய பயிற்சியாகத் தொடங்குவது. அரிசோனாவில் செமிகண்டக்டர் ஆலைகள் பெருகியபோது, மாரிக்கோப்பா கல்லூரிகள் 2022இல் பத்தே நாளில் முடியும் அறிமுகப் பயிற்சியைத் தொடங்கின. அதற்குள் நீண்ட படிப்பைத் தயாரிக்கலாம். ஆனால் குறுகிய பயிற்சியை முடித்தவருக்கு நீண்ட படிப்பில் அந்த மணி நேரங்கள் கழிக்கப்படுமா என்பதை முதல் நாளே எழுத்தில் முடிவு செய்யவேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் மாணவர் ஒரே பாடத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுவார்.

எட்டு வாரம், பத்து வாரம் சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு இருக்கா?

எந்தச் சான்றிதழ் என்பதைப் பொறுத்தது. கனரக வாகன உரிமம் சில வாரங்களில் சம்பளத்தைக் கூட்டும். நர்ஸ் உதவியாளர் சான்றிதழும் சில வாரங்கள்தான், வேலை உடனே கிடைக்கும், ஆனால் சம்பளம் குறைவு, முதுகு போகும் உழைப்பு. அது முதல் படியாக இருந்து, அடுத்து உரிமம் பெற்ற நர்ஸ், அதற்கடுத்துப் பதிவு பெற்ற நர்ஸ் என்று ஏற வழி இருந்தால் நல்லது. ஏணியில் அடுத்த படி இல்லாவிட்டால், ஏழைப் பெண்களைக் குறைந்த சம்பளத்தில் நிரந்தரமாக நிறுத்தி வைக்கும் ஏற்பாடு அது.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இந்தக் கேள்வியை இன்னும் சூடாக்கியிருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் 8 வாரத்திலிருந்து 15 வாரத்துக்குள் முடியும் படிப்புகளுக்கும் பெல் உதவித்தொகை உண்டு. நிபந்தனைகளும் உண்டு: சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் முடிக்கவேண்டும், முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்கவேண்டும். இதுவரை பெருமைக்காக நடத்திய குறுகிய படிப்புகள் பல இந்தச் சல்லடையில் நிற்காது என்பது என் கணிப்பு.

இங்கிலீஷும் கணக்கும் சுமார்தான். முதல்ல அதைப் படிச்சிட்டு வான்னு துரத்திடுவாங்களா?

முன்பெல்லாம் அப்படித்தான். ஒரு வருடம் அடிப்படைப் பாடம், அதற்குள் பாதிப் பேர் காணாமல் போவார்கள். வாஷிங்டன் மாநிலம் ஐ-பெஸ்ட் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது: ஒரே வகுப்பில் தொழில் ஆசிரியரும் மொழி ஆசிரியரும் சேர்ந்து நிற்பார்கள். வெல்டிங் படிக்கும்போதே வெல்டிங்குக்கு வேண்டிய ஆங்கிலமும் பின்னமும் வந்துவிடும். உங்கள் கல்லூரியில் இந்த மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எல்லாமே வேலை, வேலைன்னு போனா இலக்கியம், வரலாறு எல்லாம் என்ன ஆகும்?

ஆலோசனைக் குழுவில் யாரும் கவிதை கேட்பதில்லைதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு மாறும் மாணவர்களுக்கு அந்தப் பாடங்கள் கட்டாயம் தேவை. அசோசியேட் டிகிரிக்கே பொதுக் கல்விப் பாடங்கள் வேண்டும். ஷிஃப்ட் அறிக்கையைத் தெளிவாக எழுதத் தெரிந்தவன்தான் எங்கள் ஆலையில் சூப்பர்வைசர் ஆகிறான். அதை வெல்டிங் வாத்தியார் சொல்லித்தருவதில்லை.

ஒரு கோர்ஸ் தேவையில்லைன்னு ஆயிட்டா மூடுவாங்களா?

மூடுவது தொடங்குவதைவிடக் கடினம். தொடங்கும்போது படம் எடுப்பார்கள், மூடும்போது ஆசிரியர், பழைய மாணவர், நன்கொடை கொடுத்தவர் எல்லோரும் வாசலில் நிற்பார்கள். படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும்வரை நடத்தவேண்டிய கடமையும் உண்டு. அதனாலேயே பல தலைவர்கள் அந்தப் பிரச்சினையை அடுத்த தலைவருக்கு விட்டுப்போகிறார்கள். இதற்கிடையே மாணவர்கள் சேர்ந்துகொண்டுதான் இருப்பார்கள். தேவையில்லாத படிப்பில் சேர்ந்த மாணவரின் இரண்டு வருடத்துக்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை.

நம்ம பொண்ணு சேரப்போறா. அந்தக் காலேஜ் நல்லா இருக்கான்னு எதை வெச்சுப் பார்க்கிறது?

எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணைத் தள்ளிவையுங்கள். அவள் சேரப்போகும் அந்த ஒரு படிப்பைப் பற்றிக் கேளுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? முடித்தவர்களின் சம்பளம் என்ன? நர்சிங் என்றால் உரிமத் தேர்வில் தேர்ச்சி விகிதம் என்ன? அதை மாநில நர்சிங் வாரியங்கள் வெளியிடுகின்றன. அசோசியேட் டிகிரி நர்ஸும் நான்கு ஆண்டுப் பட்டம் பெற்ற நர்ஸும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு என்பது நம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. சில மருத்துவமனைகள் நான்கு ஆண்டுப் பட்டத்தைத்தான் விரும்புகின்றன என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகளுக்குக் கல்லூரி ஒரு வாரத்துக்குள் எண்ணோடு பதில் சொன்னால் நல்ல அறிகுறி. "எங்கள் மாணவர்கள் பல நிறுவனங்களில் சிறப்பாகப் பணிபுரிகிறார்கள்" என்று பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ல இருக்கிற அண்ணன் பையன் விசா எடுத்து இங்க வந்து வெல்டிங் படிச்சா வேலை கிடைச்சிடுமா?

கவனமாக இருங்கள். தொழிற்பயிற்சிப் படிப்புக்குப் பெரும்பாலும் எம்-1 விசா. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி அதில் அதிகபட்சம் ஆறு மாதம்தான். அசோசியேட் டிகிரிக்கு எஃப்-1 விசாவில் வந்தால் பன்னிரண்டு மாதம்வரை வேலை அனுமதி கேட்கலாம். ஆனால் அதன்பிறகும் வேலை பார்க்க எச்-1பி வேலை விசாவுக்குக் குறைந்தது நான்கு ஆண்டுப் பட்டமோ அதற்கு இணையானதோ வேண்டும். மேலே சொன்ன உதவித்தொகைகளும் அவருக்குக் கிடையாது, கட்டணமும் உள்ளூர் மாணவரைப்போல் பல மடங்கு இருக்கும். இரண்டு ஆண்டு இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது என்றால் கணக்கு வேறு, அது நல்ல வழிதான். வெல்டிங்குக்காக மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன். விசா விதிகள் அடிக்கடி மாறும், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நான் பன்னிரண்டு பேர் வெச்சு சின்ன மெஷின் ஷாப் நடத்துறேன். என்னையும் குழுவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. பெரிய கம்பெனிக்காரங்க நடுவுல நான் போய் என்ன பண்ணப்போறேன்?

போங்க. பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பயிற்சிக்கூடம் உண்டு, உங்களுக்குக் கல்லூரியை விட்டால் வேறு வழி இல்லை. அதனால் நீங்கள் கேட்பது பெரும்பாலும் எங்கேயும் செல்லுபடியாகும் அடிப்படைத் திறமையாகத்தான் இருக்கும். மாணவருக்கும் அதுதான் வேண்டும். பெரிய நிறுவனம் தன் இயந்திரத்துக்கு மட்டும் பாடம் கேட்கும்போது, "அந்த மெஷின் எங்களிடம் இல்லை, மைக்ரோமீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்" என்று சொல்ல அறையில் ஒருவர் வேண்டும்.

முதல் கூட்டத்துக்கு உங்கள் மூத்த மெஷினிஸ்டையும் கூட்டிப்போங்கள். கடைசியாக எடுத்த ஆளுக்கு என்ன தெரியவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். என்ன சம்பளம் கொடுப்பீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அந்த எண்ணை நம்பித்தான் அவர்கள் மாணவர்களைச் சேர்ப்பார்கள். கோடையில் ஒரு மாணவரைச் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ள முடிந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.